சாம்பியன்கள் ஏன் மெதுவாகப் பயிற்சி செய்கிறார்கள்? நார்வே ஆய்வும் அதைச் சுற்றிய சண்டையும்

1970களில் நார்வேயின் முன்னணித் துடுப்புப் படகு வீரர்கள் மாதத்துக்குச் சுமார் 23 மணி நேரம் பந்தய வேகத்திலோ அதைவிடக் கடுமையாகவோ பயிற்சி செய்தார்கள். 1990களில் அவர்களுடைய இடத்துக்கு வந்தவர்கள் அப்படிச் செய்தது மாதத்துக்கு 7 மணி நேரம்தான். அதே காலத்தில், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய நிதானப் பயிற்சி மாதம் 30 மணியிலிருந்து 50 மணியாக ஏறியது. வருடத்தின் மொத்தப் பயிற்சி நேரமும் 924 மணியிலிருந்து 1128 மணிக்குப் போனது.

மூச்சு முட்டப் பயிற்சி செய்பவன்தான் ஜெயிப்பான் என்று நம்பினால், பின்னால் வந்த அணி மந்தமாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு, ஓட்டக்காரர்கள் விஓ2 மேக்ஸ் என்று சொல்வது, சராசரியாக 5.8 லிட்டரிலிருந்து 6.5 லிட்டராக உயர்ந்திருந்தது. உடல் எடை மாறவில்லை. துடுப்புப் பயிற்சி இயந்திரமான எர்கோமீட்டரில் 6 நிமிடம் முழு மூச்சாக இழுக்கும் சோதனையில் கிட்டத்தட்ட 10 சதவீத முன்னேற்றம்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஓக்கே ஃபிஸ்கர்ஸ்ட்ராண்டும் ஸ்டீபன் சைலரும். 2004-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு 1970 முதல் 2001 வரையிலான சர்வதேசப் பதக்க வீரர்களின் சோதனை முடிவுகளையும், வீரர்களிடம் கேட்டு வாங்கிய பயிற்சி விவரங்களையும் அடுக்கிப் பார்த்தது. இதை வைத்து மட்டும் 'நிதானம்தான் காரணம்' என்று தீர்ப்பு எழுத முடியாது. அந்த முப்பது வருடத்தில் மலைப்பகுதிப் பயிற்சி முகாம்களை நடத்தும் விதம் மாறியது, மொத்த நேரம் கூடியது. ஆனாலும் ஒரு கேள்வி விழுந்துவிட்டது. பயிற்சியாளர்கள் யாரும் விஞ்ஞானிகள் சொல்லி இப்படி மாறவில்லை. ஜெயிக்க வேண்டுமே என்று தட்டித் தடவி இந்த இடத்துக்கு வந்திருந்தார்கள். ஏன் இந்த இடம்?

சைலர் அமெரிக்கர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, 1990களின் நடுவில் நார்வேக்குக் குடிபெயர்ந்து, தெற்கே கிறிஸ்டியான்சாண்ட் நகரில் இன்று அக்தர் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் சேர்ந்தவர். வந்த புதிதில் கண்ட ஒரு காட்சியைத் தன் மேடைப் பேச்சில் சொல்லியிருக்கிறார். காட்டுப் பாதையில் ஒரு பனிச்சறுக்கு வீராங்கனை ஓடிவந்துகொண்டிருந்தார். செங்குத்தான மேடு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். மேடு முடிந்ததும் மறுபடி ஓட்டம். அமெரிக்காவில் வளர்ந்த சைலருக்கு இது புரியவில்லை. மேட்டைப் பார்த்தால் இன்னும் ஒரு பிடி பிடிப்பதுதானே வீரம்? அந்தப் பெண் களைத்துப் போய் நடக்கவில்லை. அன்றைக்கு நிதானப் பயிற்சி என்று முடிவு செய்திருந்தார். மேட்டில் ஓடினால் அது நிதானமாக இருக்காது, அதனால் நடந்தார். அவ்வளவுதான்.

நிதானம், கடினம் என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வதை அளந்து காட்ட உடலிலேயே இரண்டு அடையாளங்கள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொள்ளாமல் மேலே போக முடியாது.

தசை வேலை செய்யும்போது சர்க்கரையை உடைத்து லாக்டேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் லிட்டர் இரத்தத்தில் சுமார் 1 மில்லிமோல் இருக்கும். இது விஷம், கால் எரிச்சலுக்கும் மறுநாள் வலிக்கும் இதுதான் காரணம் என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்னதை நம்ப வேண்டாம். இதயமும் மற்ற தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மெதுவாக ஓடும்போது உண்டாவதும் செலவாவதும் சமமாக இருப்பதால் அளவு பெரிதாக ஏறாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில், பெரும்பாலும் 2 மில்லிமோல் அருகே, ஏற ஆரம்பிக்கும். ஏறினாலும் ஓர் உயரத்தில் நின்றுவிடும். மூச்சும் அங்கேதான் முதல் முறையாகக் கனக்கிறது. இது முதல் வரம்பு. இன்னும் கூட்டினால், 4 மில்லிமோல் சுற்றுவட்டத்தில், உண்டாகும் வேகத்துக்குச் செலவு ஈடுகொடுக்க முடியாமல் அளவு நிற்காமல் ஏறும். இது இரண்டாம் வரம்பு. 2, 4 என்பவை தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்.

இதை அளப்பது பெரிய ஆய்வுக்கூட வேலையாக இருந்த காலம் போய்விட்டது. ஒரு சுற்று முடித்து வீரர் வந்து நிற்பார். பயிற்சியாளர் அவருடைய காது மடலையோ விரல் நுனியையோ முதலில் நன்றாகத் துடைப்பார். வியர்வையிலும் லாக்டேட் இருப்பதால், ஒரு சொட்டு வியர்வை கலந்தாலும் எண் தப்பாகிவிடும். ஊசியால் ஒரு குத்து, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டு அளக்கும் கருவியின் பட்டையில். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் கருவி மாதிரியேதான் இருக்கும். சில நொடிகளில் எண் வந்துவிடும். எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் அடுத்த சுற்றை மெதுவாக ஓடச் சொல்வார்கள். 'நல்லா இருக்கு, இன்னும் வேகமாப் போறேன்' என்று வீரர் சொன்னாலும் விடமாட்டார்கள்.

இரண்டு வரம்புகள் கிடைத்ததும் பயிற்சி தானாக மூன்றாகப் பிரிகிறது. முதல் வரம்புக்குக் கீழே ஒன்றாம் மண்டலம், நடுவில் இரண்டாம் மண்டலம், இரண்டாம் வரம்புக்கு மேலே மூன்றாம் மண்டலம். கைக்கடிகாரங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் காட்டும் 5 மண்டலக் கணக்கு வேறு. இப்போது எல்லாரும் பேசும் 'ஸோன் 2' அந்த ஐந்தில் இரண்டாவது. சைலரின் மூன்றில் அது ஒன்றாம் மண்டலத்துக்குள்தான் வரும். இந்தக் குழப்பத்தால் எத்தனையோ பேர் நிதானமாக ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறெதையோ செய்துகொண்டிருக்கிறார்கள்.

2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகச் சைலரும் அவருடன் வேலை செய்த க்யெர்லாண்டும் நார்வேயின் இளம் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களை 32 நாட்கள் பின்தொடர்ந்தார்கள். 318 பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் இதயத் துடிப்பு பதிவானது. பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரே ஓர் எண் சொன்னார். 60 பயிற்சிகளில் இரத்தத்தில் லாக்டேட்டும் பார்த்தார்கள். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இந்த மூன்று தராசுகள்தான். இதயத் துடிப்பின்படி முதல் மண்டலத்தில் 75 சதவீதம், நடுவில் 8, மேலே 17. வீரர்கள் சொன்ன எண்ணின்படி 76, 6, 18. லாக்டேட்டின்படி 71, 7, 22. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வழியில் அளந்தும் படம் ஒன்றே. பயிற்சியில் பெரும்பகுதி மிக நிதானம், ஒரு சிறு பகுதி மிகக் கடினம், நடுவில் அநேகமாக ஒன்றுமில்லை. இந்த அமைப்புக்குத்தான் துருவப் பயிற்சி என்று பெயர் வந்தது. 80-20 என்ற பிரபலமான விகிதமும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

நடுவில் ஏன் இல்லை? சாதாரணமாக ஓடுகிறவர்களைக் கவனித்தால் அவர்கள் பெரும்பாலும் இருப்பதே அந்த நடுவில்தான். மூச்சு வாங்கும், வியர்க்கும், 'இன்னைக்கு நல்ல ஒர்க்அவுட்' என்ற திருப்தி கிடைக்கும், ஆனால் உயிர் போகாது. தொழில்முறை வீரர்கள் மட்டும் இந்த இடத்தை ஏன் தாண்டிப் போகிறார்கள்?

2007-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு பதிலைக் காட்டியது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களைச் சைலரின் குழு நான்கு விதமாக ஓடவைத்தது. முதல் வரம்புக்குக் கீழே 60 நிமிடம். அதே வேகத்தில் 120 நிமிடம். 30 நிமிடம் நடு மண்டலத்தில் இருக்கும்படி ஒரு மணி நேர ஓட்டம். கடைசியாக, விஓ2 மேக்ஸை ஒட்டிய வேகத்தில் 3 நிமிட இன்டர்வல்கள், அதாவது இடையில் ஓய்வு விட்டு ஓடும் வேகச் சுற்றுகள், ஆறு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். உடல் பதற்றத்திலிருந்து அமைதிக்குத் திரும்பிவிட்டதா என்பதற்கு அது ஓர் அடையாளம். நிதான ஓட்டத்துக்குப் பின் ஐந்து பத்து நிமிடத்தில் உடல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஓடியது ஒரு மணியா இரண்டு மணியா என்பது இதில் வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. நடு மண்டல ஓட்டத்துக்குப் பின்னும் இன்டர்வலுக்குப் பின்னும் அரை மணி நேரம் ஆனது. இரண்டுக்கும் ஏறத்தாழ அதே நேரம்!

கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயம். நரம்பு மண்டலத்தைப் பொறுத்தவரை முதல் வரம்பு ஒரு கதவு மாதிரி. தாண்டியாகிவிட்டது என்றால், ஓரடி தாண்டினாலும் பத்தடி தாண்டினாலும் கொடுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்று. அப்படியானால் நடு மண்டலத்தில் ஓடுபவர் கடினப் பயிற்சியின் விலையைக் கொடுத்துவிட்டு அதன் முழுப் பலனையும் வாங்காமல் வருகிறார். இந்த அளவீடு இதயத்தையும் நரம்பையும் பற்றியது மட்டும் என்பதை மறக்கக் கூடாது. தசை நார்கள் தேறவும், தசையில் சேமித்த சர்க்கரை நிரம்பவும் வேறு கணக்கு. இரண்டு மணி நேர நிதான ஓட்டம் காலுக்கு இலவசம் என்று யாரும் படித்துவிட வேண்டாம்.

நிதானமாக ஓடினால் உடலில் மாற்றம் வருமா என்ற சந்தேகமும் நியாயமானதுதான். வரும். மெதுவாக வேலை செய்யும் தசை நார்கள் அந்த வேகத்திலேயே முழுதாகப் பயன்படுகின்றன. ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் அதற்குள் வெளியாகும் கால்சியம், தசை செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் 'மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு' என்ற செய்தியைக் கொண்டுபோகும் வழிகளில் ஒன்று. அந்தச் செய்தி திரும்பத் திரும்பப் போக மணிக்கணக்கு வேண்டும். மணிக்கணக்காக ஓட வேண்டும் என்றால் வேகம் குறைவாக இருந்தே ஆக வேண்டும். கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதும் இப்படித்தான். வேகமான இன்டர்வல்கள் வேறு வேலையைச் செய்கின்றன: மெதுவான வேகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் வேக நார்களை எழுப்புகின்றன, இதயத்தை அதன் உச்சத்தில் வேலை வாங்குகின்றன.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று தோன்றும் இந்த இடத்தில்தான் நார்வேக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு வந்தது. ட்ரோன்ஹெய்ம் நகரின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யான் ஹெல்கெருட் குழுவினர் 2007-இல் வெளிவந்த ஆய்வில் 40 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், 8 வாரம். ஒரு குழு அதிகபட்ச இதயத் துடிப்பில் 70 சதவீதத்தில் 45 நிமிடம் ஓடியது. இரண்டாவது குழு 85 சதவீதத்தில் சுமார் 24 நிமிடம். மூன்றாவது 15 நொடி வேகம், 15 நொடி மெது என்று மாற்றி மாற்றி. நான்காவது 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிடம் வீதம் நான்கு முறை. இன்று உலகமெங்கும் 4x4 என்று அறியப்படுவது இதுதான். எல்லாக் குழுவும் செய்த மொத்த வேலை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 4x4 குழுவின் விஓ2 மேக்ஸ் 7.2 சதவீதமும் 15-15 குழுவினது 5.5 சதவீதமும் ஏறின. நிதானக் குழுவிலும் 85 சதவீதக் குழுவிலும் குறிப்பிடத்தக்க ஏற்றமே இல்லை.

சரி, யார் சொல்வது உண்மை? மெதுவாக ஓடு என்று கிறிஸ்டியான்சாண்ட், மெதுவாக ஓடிப் பயனில்லை என்று ட்ரோன்ஹெய்ம். இணையத்தில் இன்றும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள். ஆளுக்கொரு ஆய்வைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

என் பார்வையில் இரண்டும் மோதவே இல்லை. ட்ரோன்ஹெய்ம் ஆய்வில் இருந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை மட்டும் பயிற்சி செய்தார்கள். நிதானக் குழுவுக்கு வாரத்தில் கிடைத்தது மொத்தம் இரண்டேகால் மணி. ஏற்கெனவே ஓரளவு உடல்தகுதி உள்ள ஓர் இளைஞருக்கு அது போதாது. மொத்த வேலையைச் சமமாக்கியதால், மெதுவாகச் செய்வதில் உள்ள ஒரே பெரிய லாபம், இன்னும் நிறைய செய்யலாம் என்பது, ஆய்வின் அமைப்பிலேயே பறிபோய்விட்டது. வருடத்துக்கு 900 மணி நேரம் பயிற்சி செய்பவரின் கேள்வி வேறு. அவர் வாரத்துக்கு இரண்டு மூன்று கடினப் பயிற்சிகளுக்கு மேல் தாங்க மாட்டார் என்பது அனுபவத்தில் தெரிந்தது. மீதி 15 மணி நேரத்தில், அந்தக் கடினப் பயிற்சிகளைக் கெடுக்காமல் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பிரச்சினை. அதற்கு விடை நிதானம். எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் எந்த வேகம் நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

கடினப் பயிற்சி என்றால் எவ்வளவு கடினம் என்பதிலும் சைலரின் குழு ஓர் ஆச்சரியத்தைக் கண்டது. பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டும் 35 பேர், 7 வாரம். ஒரு குழு நிதானமாக மட்டும் ஓட்டியது. மற்ற மூன்று குழுக்களுக்கு வாரம் இரண்டு இன்டர்வல்: ஒன்றுக்கு 16 நிமிடம் நான்கு முறை, இன்னொன்றுக்கு 8 நிமிடம் நான்கு முறை, மூன்றாவதற்கு 4 நிமிடம் நான்கு முறை. வேகம் எவ்வளவு என்று யாரும் கட்டளையிடவில்லை. நான்கு சுற்றும் முடிக்க முடிகிற அளவுக்கு எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள். நீளம் குறையக் குறைய வேகம் தானாகக் கூடியது. அதிகபட்ச இதயத் துடிப்பில் 88, 90, 94 சதவீதம் என்று இதயம் கொஞ்சமாகத்தான் ஏறியது, லாக்டேட்டோ 4.9, 9.6, 13.2 என்று தாவியது. மிக வேகமாக ஓட்டிய 4 நிமிடக் குழுதான் முந்தும் என்று நினைப்போம். முந்தியது 8 நிமிடக் குழு. கொஞ்சம் அடக்கி ஓட்டியதால் அவர்களால் 32 நிமிடம் அந்த உயரத்தில் நிற்க முடிந்தது. 4 நிமிடக் குழுவுக்குக் கிடைத்தது 16 நிமிடம்தான். கடினப் பயிற்சிக்குள்ளேயும் அதே பேரம்: வேகத்தில் சிறிது விட்டுக்கொடுத்தால் நேரம் கிடைக்கும்.

80-20 என்ற எண்ணைப் பற்றி ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். அது நிமிடக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பத்து முறை பயிற்சிக்குப் போனால் அதில் எட்டு முறை நிதானம், இரண்டு முறை கடினம் என்ற எண்ணிக்கை அது. கடினமான நாளிலும் உடலைச் சூடேற்றுவது, இடைவெளி, கடைசியில் தணிப்பது எல்லாம் நிதானம்தானே. ஒவ்வொரு பயிற்சியும் ஒன்றரை மணி என்று வைத்தால் பத்துக்கு 900 நிமிடம். இரண்டு முறை 8 நிமிட இன்டர்வல் நான்கு என்றால் கடினமாகப் போனது 64 நிமிடம். 7 சதவீதம்தான். உண்மையான வீரர்களின் கணக்கும் இப்படியே இருக்கிறது. குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கம் வாங்கிய மாரிட் பியோர்கனின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதில் வருடத்துக்கு 522 மணி என்று இருந்த அவருடைய பயிற்சி முப்பதுகளில் 940 மணிக்கு ஏறியிருந்தது. உச்சத்தில் இருந்த வருடங்களில் தாங்குதிறன் பயிற்சியில் 92 சதவீதத்துக்கு மேல் நிதானம். நிமிடக் கணக்கு என்று நினைத்து 20 சதவீதத்தை மூன்றாம் மண்டலத்தில் போட முயல்பவர் சீக்கிரமே காயத்தோடு வீட்டில் உட்காருவார்.

துருவப் பயிற்சியின் மீது எழுந்த விமர்சனங்களில் வலுவானது ஒன்று உண்டு. சாம்பியன்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது, அது வேறு எதையும்விடச் சிறந்தது என்று நிரூபிப்பது ஆகாது. இதே பயிற்சியைச் செய்து காணாமல் போனவர்கள் யாருடைய ஆய்விலும் இல்லை. 2022-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் ஆய்விதழில் இது நேருக்கு நேர் விவாதமாகவே நடந்தது. துருவப் பயிற்சியே உகந்தது என்று ஃபாஸ்டர், சைலர் தரப்பு எழுத, இல்லை என்று பர்ன்லி, பியர்டன், ஜோன்ஸ் மூவரும் எழுதினார்கள். பெரும்பாலான வீரர்களின் பதிவுகளை நிமிடக் கணக்கில் வைத்துப் பார்த்தால் நடு மண்டலம் மேல் மண்டலத்தைவிடப் பெரிதாக, ஒரு பிரமிடு போலத்தான் இருக்கிறது. இதில் துருவம் எங்கே என்பது மறுப்பவர்களின் வாதங்களில் முக்கியமானது. எனக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது. அடிப்பகுதி பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

நடு மண்டலத்துக்கு இன்று வக்காலத்து வாங்குவதும் ஒரு நார்வேக்காரர்தான் என்பது வேடிக்கை. டோக்கியோவில் 1500 மீட்டரிலும் பாரிஸில் 5000 மீட்டரிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய யாகோப் இங்கெப்ரிக்ட்சென் செவ்வாய், வியாழன்களில் காலையும் மாலையும் இரண்டாம் வரம்பை ஒட்டிய இன்டர்வல்களை ஓடுபவர். இந்த முறையின் வேர் மாரியஸ் பக்கென் என்ற முன்னாள் 5000 மீட்டர் ஓட்டக்காரரிடம் இருக்கிறது. அவர் பின்னாளில் மருத்துவரானவர், தன் உடலிலேயே விடாமல் லாக்டேட் அளந்து பார்த்தவர். நடு மண்டலத்தின் விலை அதிகம் என்று 2007 ஆய்வு சொன்னதே, இவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? நீளமாக ஓடாமல் துண்டு துண்டாக ஓடுகிறார்கள், நடுவே சிறு ஓய்வு, ஊசிக் குத்து, எண் கூடினால் வேகத்தைக் குறைப்பது. காலையில் களைத்துப் போகாமல் நிறுத்தினால்தான் மாலையில் மறுபடி ஓட முடியும். அப்புறம், இத்தனைக்கும் அடியில் வாரத்தின் மீதி ஓட்டமெல்லாம் நிதானம்தான்.

பரிசோதனையாகவே செய்து பார்த்த ஆய்வுகளும் சில உண்டு. 2007-இல் வெளிவந்த ஆய்வில் மாட்ரிட்டைச் சேர்ந்த எஸ்தேவே-லனாவோ குழு 12 ஓட்டக்காரர்களை ஐந்து மாதம் பயிற்சி செய்யவைத்தது. இரண்டு குழுவுக்கும் மேல் மண்டலம் சுமார் 8 சதவீதம் என்று சமம். ஒரு குழுவுக்கு நடு மண்டலம் 12 சதவீதம், இன்னொன்றுக்கு 25. முடிவில் 10.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் குழு 157 நொடி குறைத்தது, நடுவில் அதிகம் ஓடிய குழு 122 நொடி. ஆஸ்திரியாவில் ஸ்டோக்லும் ஸ்பெர்லிக்கும் 48 வீரர்களை நான்கு விதப் பயிற்சிக்குப் பிரித்து 9 வாரம் பார்த்தபோது துருவக் குழுவின் ஆக்சிஜன் உச்ச அளவு 11.7 சதவீதம் ஏறி மற்ற மூன்றையும் மிஞ்சியது.

நம்மைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு வாரத்தில் நாலைந்து மணி நேரம் ஓடுபவர்களுக்குப் பொருந்தும் ஆய்வு 2014-இல் ஸ்பெயினிலிருந்து வந்தது. பொழுதுபோக்காக ஓடும் 30 பேர், 10 வாரம். 10 கிலோமீட்டர் நேரத்தைத் துருவக் குழு 5 சதவீதம் குறைத்தது, நடு மண்டலக் குழு 3.6 சதவீதம். இரண்டுமே நல்ல முன்னேற்றம். இடையில் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆக, வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடுபவர் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை. ஒரு நாள் முழு மனதோடு 4x4 அல்லது 4x8, மற்ற இரண்டு நாள் நேரம் இருக்கும் வரை நிதானம் என்று வைத்தாலே கணக்கு 67-33 ஆகிவிடும். அதில் தப்பொன்றும் இல்லை. ஐந்து ஆறு நாள் ஓட ஆரம்பித்தவருக்குத்தான் நிதானத்தின் பங்கைக் கண்டிப்பாகக் காக்க வேண்டிய தேவை வருகிறது.

நிதானம் எது என்று கண்டுபிடிக்க ஊசியும் கருவியும் வேண்டாம். 220-இலிருந்து வயதைக் கழித்து அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை நம்பிக் கடிகாரத்தில் மண்டலம் குறிப்பவர்கள் ஏராளம். அந்தச் சூத்திரம் ஒரு தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ தவறுவது சர்வ சாதாரணம். ஒரு மண்டலமே இடம் மாறிவிடும். பேச்சுச் சோதனை அதைவிட நம்பகமானது. நாலைந்து சொற்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிறுத்தாமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, முதல் வரம்புக்குக் கீழே இருக்கிறீர்கள். சொற்கள் துண்டு துண்டாக வந்தால் தாண்டிவிட்டீர்கள். நார்வேயின் ஆய்வுகளில் இல்லாத ஒன்றையும் சென்னையிலோ மதுரையிலோ ஓடுபவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெக்கையில் உடலைக் குளிரவைக்க இரத்தம் தோலுக்குத் திரும்புவதால், அதே வேகத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்கும்; நேரம் போகப் போக இன்னும் ஏறும். டிசம்பர் காலையில் நிதானமாக இருந்த வேகம் மே மாதத்தில் நடு மண்டலத்துக்குப் போய்விடும். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் மேம்பாலத்து ஏற்றத்தில் நடக்கவும் வேண்டும்.